கரோலின் கை நீட்டினால்

கரோலின் கை நீட்டினால் ராயபுரம் கல்மண்டபத்தில் யாரும் சில்லறை தேடுவதில்லை. போனை எடுத்துக் கொடுக்கிறார்கள். டீக்கடை யாசின் பாய்க்குப் பால் ஆற்றுகிற கை ஒழிவதில்லை என்பதால், சார்ஜில் கிடக்கும் போனை முழங்கையால் காட்டுவார். ஐஸ் வண்டிக்காரர், பூ விற்கிற அம்மா, லாரியை ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்க இறங்கிய வெளியூர் டிரைவர், யாராக இருந்தாலும் கரோலின் சொல்வது ஒன்றுதான்: “ஒரு நிமிசம் உங்க போனு. உங்க எதிர்லயே பாக்கறேன், எங்கியும் எடுத்துகினு பூட மாட்டேன்.”

வாங்கிய போனில் ஒரு முகவரியை அடிப்பார். பக்கம் வரும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார். வந்ததும் கட்டைவிரலால் மூன்று முறை மேலும் கீழும் தள்ளுவார், போனைப் படுக்கப் போட்டுப் பார்ப்பார், நிமிர்த்திப் பார்ப்பார். பிறகு திறந்ததை மூடி, கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் திருப்பிக் கொடுப்பார். பக்கம் ஒழுங்காக வந்துவிட்டால் முகத்தில் ஒன்றும் இருக்காது. வராவிட்டால்தான் மலரும். “மாட்னான் பாரு ரவி” என்று சொல்லிக்கொண்டே அலுவலகப் படியில் ஏறிவிடுவார்.

என் போனையும் அப்படித்தான் வாங்கினார். விரிசல் விட்ட கண்ணாடி, இடம் போதவில்லை என்று மூன்று மாதமாக அழும் போன் அது. கொடுக்கவே வெட்கமாக இருந்தது. “இந்த மாரி போனுதான் எனுக்கு வோணும். என் போனு நான் இன்னா சொன்னாலும் தலையாட்டும்” என்றார். பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்று என்னை அறிமுகம் செய்துகொண்டேன். அதை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. என் போனில் எந்த பிரவுசர், அதை எப்போது புதுப்பித்தேன் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. எனக்கு இரண்டும் தெரியவில்லை.

வயது நாற்பத்திரண்டு. பிறந்தது, ஞானஸ்நானம் பெற்றது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் ராயபுரத்துக்குள்ளேயே. கழுத்தில் பழைய வேலை இடத்து அடையாள அட்டைக் கயிறு இன்னும் தொங்குகிறது. அட்டை போன இடத்தில் ஒரு பேனாவும் மூக்குக் கண்ணாடியும் இருக்கின்றன. என்ன வேலை என்று தெருவில் யாராவது கேட்டால், கம்ப்யூட்டரில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை என்பார். யாருடைய தப்பை என்று கேட்டால், சற்றும் யோசிக்காமல் “ரவிது” என்பார்.

ரவி என்கிற ரவிக்குமார்தான் முதலாளி. தினமும் மாத்தூரிலிருந்து மணலி டேங்கர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் வந்து, முகம் கழுவின பிறகே அடையாளம் தெரிகிற மனிதர். மீன்வலை விற்கிற கடைக்கு மேலே ஒரே அறை, மூன்று நாற்காலி, நைலான் வாசனை. லாரி ஆபீஸ், குளிர்பதனக் கிடங்கு, மீன் ஏலக்காரர்கள் என்று அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் போனில் திறக்கிற மாதிரி ஒன்றைச் செய்து தருகிறார்கள். ரவி எழுதுவார், கரோலின் உடைப்பார். உடையாதது மட்டும் வெளியே போகும்.

இதற்கு முன்னால் பதினொரு வருடம், திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க்காக இருந்தவர். பெட்டியின் மேல் நாலு எழுத்து, ஏழு எண். கையிலிருக்கும் காகிதத்திலும் அதே நாலு எழுத்து, ஏழு எண் இருக்க வேண்டும். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துத்தான் வண்டியை விடுவார். ஓர் எண் பிசகினாலும் லாரி ஓரமாக நிற்கும். டிரைவர்கள் குய்யோ முறையோ என்று கத்துவார்கள். “நைனா, நீ நல்லவன்தான். உன் காயிதம்தான் நல்லா இல்ல” என்பது அவருடைய பதில். யார்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதிலிருந்த அறுபத்து மூன்று தப்புகளை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தவர் இவர்தான். அந்தப் புரோகிராமைச் செய்த கம்பெனியில் அப்போது ரவி வேலை பார்த்தார். நோட்டைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்ததாகவும், சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது முதலில் தேடிப்போனது அந்த நோட்டுக்காரியைத்தான் என்றும் அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார்.

போன் வாங்கிப் பார்க்கிற இந்தப் பழக்கம் யார்டில் வந்ததில்லை. அது வந்த கதையைச் சொல்வதற்கு முன், நான் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

நாம் போனில் பார்க்கிற பக்கம் ஒரு முகவரியிலிருந்து வருகிறது. அதில் நிரப்ப வேண்டிய விவரம் பல சமயம் வேறொரு முகவரியிலிருந்து வரவேண்டியிருக்கும். அங்கேதான் பிரவுசர் குறுக்கே நிற்கும். இந்தப் பக்கத்துக்கு உன்னிடம் இருப்பதைக் காட்டலாமா என்று விவரம் வைத்திருக்கிற சர்வரைக் கேட்கும். பக்கத்தின் முகவரியைச் சொல்லி ‘காட்டலாம்’ என்று அது பதில் தர வேண்டும். தராவிட்டால், விவரம் வாசல்வரை வந்திருந்தாலும் பக்கத்துக்குக் கிடைக்காது. முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் அது வேற்று ஆள்தான். ஒரே கம்ப்யூட்டருக்குள்ளேயே பக்கத்தை ஒரு வாசலிலும் விவரத்தை இன்னொரு வாசலிலும் (‘போர்ட்’ என்பார்கள்) வைத்து வேலை செய்தாலும் இதே கெடுபிடி. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது தினப்படித் தலைவலி. அதனால் அவசரக்காரர்கள் குறுக்குவழி ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்தக் காவலைக் கழற்றிவிட்டு பிரவுசரைத் திறப்பது. திறந்தால் எல்லாம் வரும், யாரும் எதையும் கேட்கமாட்டார்கள்.

கரோலினுக்கு அந்தக் குறுக்குவழியைக் கண்டாலே ஆகாது. “அந்த வாட்ச்மேனு நம்ம ஆளு இல்ல. போனு வெச்சிக்கீறவனோட ஆளு. அவன வூட்டுக்குப் போன்னு சொல்றதுக்கு நாம யாரு?” என்பார். இந்தக் கட்டுரைக்காக நான் படித்த எதிலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

இப்படிப் பேசுகிறவரும் ஒருமுறை வாட்ச்மேன் இல்லாமல் வேலை செய்தார். அது காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்காகச் செய்த வேலை.

விசைப்படகு கிளம்பும்போது யார் யார் ஏறினார்கள் என்று படகுக்காரர் சங்கம் ஒன்றில் நோட்டில் எழுதிவைப்பார்கள். எழுதுவது முந்தின நாள். கிளம்புகிற நேரத்தில் நடப்பது வேறு. ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவன் வந்தே சேரவில்லை, பக்கத்துப் படகிலிருந்து ஒருவன் பையைத் தூக்கிக்கொண்டு இதில் தாவிவிடுவான். இது இங்கே யாருக்கும் புதிதில்லை. நோட்டு மட்டும் சங்கத்தின் அலமாரியில் பழைய பேர்களோடு தூங்கும். போன வருடம் அப்படித் தாவியவர் தாமோதரன். தாவிய படகு எண்ணூருக்கு நேரே எஞ்சின் நின்று ஒன்றரை நாள் அலைந்தது. அவர் பேர் இருந்த படகோ சாயங்காலமே கரைக்கு வந்துவிட்டது, அவர் இல்லாமல். இன்னும் வெளியே இருந்த எந்தப் படகின் கணக்கிலும் தாமோதரன் இல்லை. நோட்டைப் பொறுத்தவரை அவர் கடலிலேயே இல்லை.

அவருடைய மனைவி குணசுந்தரி கூடையில் மீன் விற்கிறவர். புருஷன் எங்கேயோ குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று நினைத்து, அந்த ஒன்றரை நாளும் தெரு முழுக்க அவரை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்திருக்கிறார். மூன்றாம் நாள் உதடு வெடித்து, உப்பு பூத்த முகத்தோடு தாமோதரனைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். திட்டின வெட்கத்தில் ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை என்று குணசுந்தரி என்னிடம் சொன்னபோது, மீனை அரிந்துகொண்டிருந்த கை நிற்கவில்லை. அதன் பிறகு அவர் சங்கத்துப் படியில் உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. எந்தப் படகில் கால் வைக்கிறானோ அந்தப் படகில் பேர் இருக்க வேண்டும், அதை வீட்டில் இருக்கிறவள் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. செயலாளர் கோதண்டம் கடைசியில் ரவியின் அலுவலகப் படி ஏறினார்.

மீன்பிடித் தடைக்காலத்து இரண்டு மாதத்தில் வேலை முடிந்தது. படகுக்காரர் கரையிலேயே நின்று போனில் ஆளை மாற்றலாம், வீட்டுக்காரிக்குத் தன் ஆளின் பேரும் படகும் அவளுடைய போனில் தெரியும். கரோலின் நாலு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, நோட்டில் ‘சரி’ என்று எழுதி, பக்கத்தில் ‘க’ போட்டார். படகுகள் கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது சங்கக் கட்டிடத்தில் ஒத்திகை வைத்தார்கள். ஐம்பது பேர் நின்றார்கள். குணசுந்தரி கூடையோடு முன்வரிசையில் நின்றார். போன வருடத்து ஆட்களின் பேர்களையே ஒத்திகைக்கு ஏற்றியிருந்தார்கள், தாமோதரனைச் சரியான படகில் வைத்து. சங்கத்துக் கம்ப்யூட்டரில் கோதண்டம் பக்கத்தைத் திறந்தார்.

திரையில் ஒரே ஒரு வரிதான் வந்தது: ‘கடலில் யாரும் இல்லை.’

குணசுந்தரி அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். “போன வருசம் நோட்டும் இத்தையேதான் சொல்லிச்சி” என்று மட்டும் சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

கரோலினுக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. சர்வர் இன்னும் தயாராகவில்லை, அதுவரைக்கும் பாருங்கள் என்று ரவி ஒருநாள் அவருடைய கம்ப்யூட்டரில் காவல் கழற்றிய பிரவுசரைத் திறந்து கொடுத்திருந்தார். அன்றைக்கு மட்டும் என்பதுதான் பேச்சு. மறுநாள் காலையில் கரோலின் திரையின் கீழ்ப்பட்டையில் இருந்த அதே படத்தை அழுத்தினார். அதற்கு மறுநாளும் அதையே. காவல் உள்ள பிரவுசரும் கழற்றியதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பட்டியல் வைத்திருக்கிற சர்வரிடம் ‘சங்கத்துப் பக்கம் வந்தால் காட்டு’ என்று சொல்லிவைக்க ரவி மறந்திருந்தார். அந்த நாலு நாளும் அதைக் கேட்பதற்கு வாசலில் ஆளே இல்லை. சங்கத்துக் கம்ப்யூட்டரில் ஆள் இருந்தது. அது தன் வேலையைச் செய்தது.

அங்கேயே ஒரு வாக்குவாதம் நடந்தது. யார் வந்து கேட்டாலும் காட்டலாம் என்று சர்வரில் ஒரு வரி போட்டுவிட்டால் அரை நிமிடத்தில் பேர்கள் வந்துவிடும் என்றார் ரவி. கோதண்டத்துக்கு அது தேவவாக்காக இருந்தது. அதைப் போட்டுவிட்டுப் போங்கள், இல்லையென்றால் இந்த வருடமும் நோட்டுதான் என்றார். கரோலின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எல்லாருக்கும் பாஸ் குடுத்தா அதுக்குப் பேரு கேட்டு இல்ல ரவி, சந்து” என்றார்.

பிறகு கோதண்டத்தைப் பார்த்து நிதானமாக விளக்கினார். பட்டியலில் பேர் மட்டும் இல்லை, வீட்டு முகவரியும் போன் நம்பரும் இருக்கின்றன. சங்கத்துப் பக்கத்துக்குள் நுழைந்திருக்கிற ஒரு படகுக்காரர், அதே போனில் கண்ட கண்ட பக்கத்தைத் திறந்தால், அந்தப் பக்கமும் பின்னாலிருந்து மொத்தப் பட்டியலையும் வாசித்துக்கொள்ளும். வாசிக்காதே என்று சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். “சில பேரு பத்து நாளு வரிக்கும் கடல்ல கீறானுங்க. எந்தெந்த வூட்ல ஆம்பள இல்லன்னு ஊருக்கே போஸ்டர் ஒட்டுவியாண்ணா?”

கோதண்டத்துக்கு மூன்று பெண்கள். இரண்டு நாள் தருவதாகச் சொன்னார்.

திரும்பும் வழியில், பிரவுசரைக் கொடுத்தது நான்தானே, தப்பு என்னுடையது என்று ரவி ஆரம்பித்திருக்கிறார். “கேட்ல நின்னது நானு. கையெழுத்து என்னுது” என்று கரோலின் அதோடு முடித்துவிட்டார். அலுவலகத்துக்கு வந்ததும் நோட்டை எடுத்து, நாலு நாளில் போட்ட நூற்றுப் பதினெட்டு ‘சரி’களையும் ஒவ்வொன்றாக அடித்தார். மொத்தமாகக் குறுக்கே ஒரு கோடு இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு அடியும் தாளின் பின்பக்கம் தடவினால் கையில் தட்டுப்படுகிறது.

இனிமேல் பக்கமும் பட்டியலும் ஒரே வாசல் வழியாக வருகிற மாதிரி கம்ப்யூட்டரிலேயே ஓர் ஏற்பாடு செய்துவிடலாம், காவலைக் கழற்றவே வேண்டாம் என்றார் ரவி. நல்ல யோசனைதான், பலரும் செய்வதுதான். எழுதுகிறவனுக்கு அது போதும் என்று கரோலினும் ஒத்துக்கொண்டார். பார்க்கிறவளுக்குப் போதாது என்றார். “நீ அத்த வெச்சிக்கோ. வெளில ரெண்டு வாசலு கீது இல்ல? எனுக்கும் ரெண்டு வாசலா வெச்சிக் குடு. வாட்ச்மேனு நிக்கட்டும், என்னையும் கேள்வி கேக்கட்டும்.” ரவி அப்படியே செய்து கொடுத்தார். சங்கத்துப் பக்கத்தின் முகவரியைச் சர்வரில் பேர் சொல்லி எழுதினார். அப்போதும் பட்டியல் வரவில்லை. ரவி தலையைப் பிய்த்துக்கொண்டார். கரோலின் திரையில் இருந்த முகவரியைக் கன்டெய்னர் எண்ணைப் படிப்பது போல ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்து, கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சாய்கோட்டில் நின்றார். அதை எடுத்ததும் பட்டியல் வந்தது.

இன்னொன்றையும் மாற்றச் சொன்னார். பட்டியல் கிடைக்காமல் போனால் கடலில் யாரும் இல்லை என்று பக்கம் சொல்லக் கூடாது. ‘பட்டியல் வரவில்லை, சங்கத்துக்குப் போன் செய்யுங்கள்’ என்று சொல்ல வேண்டும். “தெரிலன்னா தெரிலன்னு சொல்லட்டும். இல்லன்னு சொல்ல வாணாம்” என்றார். அந்த வரியை ரவி அடித்து முடிக்கும்வரை நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றிருந்தாராம்.

அதற்கு அடுத்த நாள்தான் அவர் தெருவில் இறங்கிக் கை நீட்ட ஆரம்பித்தார். தன் கம்ப்யூட்டர் சொன்னதை நாலு நாள் நம்பியாகிவிட்டது, இனி ஊர் சொல்லட்டும் என்று கிளம்பிவிட்டார். கல்மண்டபம், காசிமேடு, ஐஸ் கம்பெனி வாசல், ரயில்வே கேட் என்று மூன்று நாளில் எழுபது போன். சங்கத்துக் கம்ப்யூட்டரிலும் பேர்கள் வந்துவிட்டன. கோதண்டம் திருப்தியானார். குணசுந்தரி மட்டும் தன் போனைத் தரவில்லை. இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் அது இருந்தது. கரோலின் மூன்று முறை கேட்டார். “உன் கம்ப்யூட்டரு பொட்டில ஒரு தபா நல்லாத்தான் கீது இன்னே. நான் எப்ப பாக்கணுமோ அப்ப பாத்துக்கறேன்” என்றார் மூன்றாவது முறை. கரோலின் கேட்ட போன் கிடைக்காமல் திரும்பியதை யாசின் பாய் அன்றைக்குத்தான் பார்த்தாராம்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பின அன்று நானும் போயிருந்தேன். வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டிகளும் டீசல் வாசனையும் பூஜைக் கற்பூரமும், ஒரு படகு மாற்றி ஒரு படகில் பாட்டுமாக, துறைமுகம் முழுக்க ஒரே சந்தடி. கரோலின் ஒரு கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்திருந்தார். கழுத்துப் பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். தைரியமாகத்தானே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். வேலை சரியாக இருக்கிறது, அதில் சந்தேகமில்லை என்றார்.

தாமோதரன் பையோடு தன் படகில் ஏறி, முன்பக்கம் போய் நின்றார். பக்கத்துப் படகில் ஏதோ சத்தம். அதில் ஏற வேண்டிய ஒருவனுக்குக் கால் வீங்கி, மனைவி பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள். அந்தப் படகின் டிரைவர் இந்தப் பக்கம் பார்த்துக் கையை அசைத்தார். நான் கண்ணை இமைக்கவில்லை. தாமோதரன் பையைத் தூக்கி அந்தப் படகில் எறிந்தார், பின்னாலேயே தாவினார். ஒரு வருடத்துக்கு முன்னால் செய்த அதே காரியம். சொல்லிக்கொள்ளக் கரைப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கரையில் நின்ற படகுக்காரர் போனை எடுத்து, விரலை நக்கி, ஏதோ அழுத்தினார். கரோலின் எழுந்துவிட்டார். ஆனால் படகுக்காரரின் போனைப் பார்க்கவில்லை. பத்தடி தள்ளி ஐஸ் பெட்டி மேல் நின்றிருந்த குணசுந்தரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குணசுந்தரி சுருக்குப் பையை அவிழ்த்துப் போனை எடுத்தார். வெளிச்சம் படாமல் கையால் மறைத்துக்கொண்டு, அன்றைக்குச் சங்கத்தில் படித்தது போலவே எழுத்துக்கூட்டிப் படித்தார். தலையைத் தூக்கி, நகரத் தொடங்கியிருந்த படகின் பக்கவாட்டில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்தார். மறுபடியும் போன். மறுபடியும் படகு. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பிறகு போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஊரே கேட்கும் குரலில் புருஷனைத் திட்ட ஆரம்பித்தார். தாவறதுக்கு முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் வாயா கோணிக்கும் என்பதில் தொடங்கி, அவருடைய பரம்பரைவரை போனது. படகிலிருந்து தாமோதரன் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். திட்டிக்கொண்டிருந்த முகத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

படகு சின்னதாகும்வரை நின்றுவிட்டு, குணசுந்தரி பெட்டியிலிருந்து இறங்கி நேராகக் கரோலினிடம் வந்தார். மூன்று முறை மறுத்த போனை அவரே நீட்டினார்.

“இந்தா. கேட்டுகினே இருந்த இல்ல? பாத்துக்கோ.”

“நீயே பாத்துட்ட இல்ல” என்று கரோலின் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.